செருப்பை மாற்றிப் போட்டால் ஆளுமையா?

கறார்:
நேற்று இங்கே ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். இரண்டரை வயது மகள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டாளாம். இவர் சரிசெய்யக் குனிந்தால் "நானே" என்று கையைத் தட்டிவிட்டு, "எனக்கு இப்படித்தான்" என்றாளாம். உடனே இவருக்குப் புல்லரித்துவிட்டது. "மகளுக்கென்று ஒரு ஆளுமை வந்துவிட்டது, பெருமையாக இருக்கிறது" என்று முடிக்கிறார். கீழே வரிசையாக இதயக்குறிகள். ஐயா, குழந்தைக்கு இடது வலது தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆறேழு வயது வரைக்கும் பல பிள்ளைகள் அதில் தடுமாறும். தெரியாததற்கெல்லாம் ஆளுமை என்று பட்டம் கொடுப்பதா?

மகளின் அப்பா:
அந்த "ஒருவர்" நான்தான். நேராகவே கேட்டிருக்கலாம். முதல் விஷயம், அது செருப்பு இல்லை, ஷூ. இரண்டாவது, மாற்றிப் போட்டதற்காக நான் பெருமைப்படவில்லை. போன வருஷம் வரை எதை மாட்டிவிட்டாலும் பேசாமல் காலை நீட்டுவாள். இப்போது அவளுக்கு என்று ஒரு முடிவு இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாள். நான் எழுதியது அதைப் பற்றி.

கறார்:
ஷூவோ செருப்போ, தப்பான காலில்தானே இருந்தது?

இரட்டையர் அம்மா:
கறார் சார், கொஞ்சம் காலை விட்டு மேலே வாருங்கள். எனக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. ஒருத்தி யார் வந்தாலும் மடியில் ஏறிக்கொள்வாள். இன்னொருத்தி வந்தவர்கள் கிளம்பும் வரை என் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே இந்த வித்தியாசம் தெரிந்தது. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-ல் ஆரம்பித்து 133 பிள்ளைகளைப் பச்சைக்குழந்தைப் பருவத்திலிருந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சுபாவத்தில் ஒன்பது அம்சங்களைப் பிரித்துச் சொன்னார்கள். எடுத்த காரியத்தை விடாமல் பிடித்துக்கொள்வதும் அதில் ஒன்று.

கறார்:
மிக்க நன்றி மேடம். கூடவே பிறந்த சுபாவம் என்றால் அதில் அப்பா பெருமைப்பட என்ன இருக்கிறது? அவரா செய்து கொடுத்தார்? இடது வலது சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. அதைத்தான் அவர் செய்யவில்லை.

மகளின் அப்பா:
பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சந்தோஷப்பட உங்களிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டுமா?

பழைய வாத்தியார்:
தம்பிகளா, சண்டை வேண்டாம். ஆனால் கறார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இன்று "எனக்கு இப்படித்தான்" என்பதை ரசித்தால் நாளைக்கு எதற்கும் அடங்காது. காத்திருக்கவும் அடங்கவும் சின்ன வயதிலேயே பழக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, பொறுத்திருந்தால் இரண்டு என்றார். பொறுத்திருந்த பிள்ளைகள்தான் பிற்பாடு படிப்பில் முன்னால் வந்தார்கள்.

ஓரமாய் ஒருவன்:
வாத்தியார் ஐயா, அதை 2018-ல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துத் திரும்பப் பார்த்துவிட்டார்கள். குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. இன்னும் மிட்டாயையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே.

பழைய வாத்தியார்:
நான் வகுப்பறையில் நின்ற காலத்துக்கு உன் வயதுகூட இருக்காது. 2018 வந்து எனக்குப் பாடம் நடத்துகிறது.

ஓரமாய் ஒருவன்:
வயதைக் கேட்கவில்லை ஐயா, ஆதாரத்தைச் சொன்னேன். தூக்கப் பழக்கம் பற்றிய விவாதத்திலும் பதில் இல்லாதபோது இப்படித்தான் வயதை எடுத்து முன்னால் வைத்தீர்கள்.

இரட்டையர் அம்மா:
எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் இந்த வயதைத்தான் பிள்ளை தானாகச் செய்யப் பழகும் கட்டம் என்றார். எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டாலோ, தவறும்போதெல்லாம் கேலி செய்தாலோ, பிள்ளைக்குத் தன்மேலேயே சந்தேகமும் வெட்கமும் வந்துவிடும் என்பது அவர் கருத்து. அந்த அப்பா கடைசியில் கையை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தார் பாருங்கள், அது லேசான காரியம் இல்லை. அவசரமாக வெளியே கிளம்பும்போது முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கறார்:
எரிக்சன் தப்பான காலில் ஷூ போடச் சொன்னாரா? நான் கேட்பது ஒரே கேள்வி. அவளுக்கு இடது வலது தெரிந்து, தெரிந்தே மாற்றிப் போட்டாளா? ஆம் என்றால் ஆளுமை, ஒத்துக்கொள்கிறேன். இல்லை என்றால் வெறும் தடுமாற்றம். அதைத் தவிர ஊரிலுள்ள எல்லாவற்றையும் பேசுகிறீர்கள்.

மகளின் அப்பா:
போடும்போது தெரியாமல் போட்டிருக்கலாம். நான் கழற்றி மாற்றிக் காட்டிய பிறகும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடியே போட்டுக்கொண்டாளே, அது என்ன? பதிவைக் கடைசி வரை படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கறார்:
ஆக, முதலில் போட்டபோது தெரியாது. அதுதான் வேண்டும் எனக்கு.

மகளின் அப்பா:
அடடா! சரி, நானும் ஒன்று கேட்கிறேன். போன மாதம் "என் மகன் ஒரு வயதிலேயே முழு வாக்கியம் பேசினான்" என்று இதே இடத்தில் எழுதியது யார்? பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு சொற்களைச் சேர்ப்பதே ஒன்றரை, இரண்டு வயதில்தான். அன்றைக்கு நாங்கள் யாராவது கணக்குக் கேட்டோமா?

ஓரமாய் ஒருவன்:
ஆமாம், நானும் படித்தேன். எழுவாய், பயனிலை எல்லாம் வைத்துப் பேசினான் என்று இருந்தது.

கறார்:
அது வேறு. அது நடந்தது.

இரட்டையர் அம்மா:
காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆனால் பொன் என்று உரசிப் பார்ப்பது மட்டும் அடுத்த வீட்டுக் குஞ்சையா, சார்?

பழைய வாத்தியார்:
மிட்டாய்ச் சோதனையைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் யாரும் சரியான பதில் சொல்லவில்லை.

கறார்:
என் மகன் பேசியதற்குச் சாட்சி இருக்கிறது. சும்மா பெருமைக்கு எழுதவில்லை.

மகளின் அப்பா:
யார் சாட்சி?

கறார்:
என் மனைவி.

மகளின் அப்பா:
அவரை இங்கே வந்து எழுதச் சொல்லுங்கள்.

கறார்:
அவருக்கு இந்த மாதிரி வெட்டிப் பேச்சில் கலந்துகொள்ளும் பழக்கம் இல்லை.