டெனட்: நீல் கதவைத் திறந்தானா, பூட்டினானா?

வணக்கம் மக்களே. நோலனோட 'டெனட்' (2020) பார்த்தவங்க மட்டும் மேல படிங்க, க்ளைமாக்ஸையே உடைக்கப் போறேன்.

தாலின் ஹைவே துரத்தல், நிஜ போயிங் 747-ஐ கொண்டுபோய் மோதவிட்ட சீன் எல்லாம் ஓரளவு பிடிபட்டுடுச்சு. காலத்துல பின்னோக்கிப் போறவங்களுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் எதுக்கு, தீப்பிடிச்ச காருக்குள்ள மாட்டினவன் ஏன் குளிர்ல விறைக்கிறான், அதுவும் சரி. நான் மாட்டிக்கிட்டது க்ளைமாக்ஸ் சண்டை நடக்கிற ஸ்டால்ஸ்க்-12 ஊரோட சுரங்கத்துல.

பூட்டின கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிணம். முதுகுப்பையில சிவப்புக் கயிறு. வில்லனோட அடியாள் வோல்கோவ் ஹீரோவைச் சுடறப்போ அந்தப் பிணம் எழுந்து குண்டை வாங்கிக்குது, கதவு திறக்குது, ஆள் பின்னோக்கி ஓடிப் போயிடறான். நம்ம கண்ணுக்கு இது திறக்கிற மாதிரி. ஆனா அந்த ஆள் ஹீரோவோட கூட்டாளி நீல்தான், காலத்துல பின்னோக்கி வர்றான். அவன் ஓடி வர்ற திசையில கதவு ஏற்கெனவே திறந்துதானே இருக்கணும்? அப்போ அவன் செய்யறது பூட்டுறதா?

இன்னொண்ணு. செத்தப்புறம் அவன் உடம்பு கடந்த காலத்தை நோக்கித்தானே போகும்? அப்போ சண்டைக்கு முன்னாடியே அங்க கிடந்திருக்கணும். வோல்கோவ் அதைப் பார்த்துட்டு சும்மாவா இருந்தான்? இத்தனைக்கும் மேல வண்டியில கயிறு கட்டி ஹீரோவையும் கூட இருக்கிறவரையும் சுரங்கத்துலேர்ந்து இழுக்கிறதும் அதே நீல்தான்!

யாராவது நீலோட பயணத்தை மட்டும் ஒரு பேப்பர்ல கோடு போட்டு, போட்டோ எடுத்துப் போடுங்களேன். காலத்துல முன்னோக்கிப் போற சிவப்பு டீம், பின்னோக்கிப் போற நீல டீம் தனித்தனி கலர்ல இருந்தா புண்ணியமாப் போகும். "லாஜிக் பார்க்காதீங்க ப்ரோ"ன்னு மட்டும் வராதீங்க, அதை வீட்லயே நிறைய கேட்டாச்சு.