மழை வந்தால் அறுந்துவிடும் டி.எஸ்.எல். இணைப்பு: சரிசெய்ய முடியுமா, பைபருக்கு மாறிவிடலாமா? (கடலூர்)

கூத்தப்பாக்கம் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் கூத்தப்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு, தொலைபேசிக் கம்பியின் வழியாகவே பதினொரு ஆண்டுகளாக டி.எஸ்.எல். இணையம் வருகிறது. புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குச் சென்று குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நான் இணையம் வழியாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். அங்கே சிறு பிள்ளைகளுக்குப் புதன்கிழமை பிற்பகலில் பள்ளி இருப்பதில்லை என்பதால், நமக்கு இரவு ஏழு மணிக்கு வகுப்பு வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பிள்ளைகள் வாரம் முழுவதும் காத்திருக்கிறார்கள். அப்போது இணைப்பு நான்கைந்து முறை அறுந்துபோவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. வீட்டுத் தொலைபேசி மணி அடித்தால் மோடத்தின் டி.எஸ்.எல். விளக்கு அணைந்து, மீண்டும் எரிய இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. கணினியில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் லைன் அட்டெனுவேஷன் 47 டெசிபல் என்றும், எஸ்.என்.ஆர். மார்ஜின் பகலில் 5 என்றும் இரவில் 2 அல்லது 3 என்றும் காட்டுகிறது. பதிவிறக்க வேகம் 4 எம்.பி.பி.எஸ்.; பதிவேற்ற வேகம் 512 கே.பி.பி.எஸ். மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் ஒருவரும் வரவில்லை. ஆனால் குறை தீர்க்கப்பட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

நிறுவனத்தை மாற்றிவிடலாம் என்று வீட்டில் அனைவரும் சொல்கிறார்கள். எனக்குத் தயக்கம் இருப்பது அந்தத் தொலைபேசி எண்ணால்தான். அப்பா வாங்கிய இணைப்பு அது. எழுபத்தெட்டு வயதான அம்மாவுக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரே எண்ணும் அதுவே. கோளாறு வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? மாறினால் அந்த எண் என்ன ஆகும்?

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

தாமதிக்காமல் மாறிவிடுங்கள். நான் ஈராண்டுகளுக்கு முன்பு எங்கள் பகுதிக் கேபிள்காரரிடம் பைபர் (கண்ணாடி இழை) இணைப்பு எடுத்தேன். மழையால் வேகம் குறைந்ததாக ஒரு நாளும் நினைவில்லை. குறை என்று சொல்வதானால் இரண்டு உண்டு. முதலாவது, எங்களுக்குத் தனி ஐ.பி. முகவரி தருவதில்லை, பல வீடுகளுக்குப் பொதுவான ஒரே முகவரியின் கீழ் இணைக்கிறார்கள் என்பதால், வாசலில் பொருத்திய பழைய கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாமல் போயிற்று. இரண்டாவது, கம்பி முழுவதும் மின்கம்பங்களின் மேலேயே செல்கிறது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மரம் விழுந்து எங்கள் தெருவில் அது அறுந்துவிட்டது. ஒட்டித் தர ஒன்பது நாள்கள் ஆயின.

கம்பிப் பணியில் இருந்தவன் எழுதியது:

அம்மா, தொலைபேசிக் கம்பிப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மாறுவது உங்கள் விருப்பம். ஆனால் கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் மாற வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

நீங்கள் தந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு செய்திகளைச் சொல்கின்றன. அட்டெனுவேஷன் என்பது தொலைபேசி நிலையமான எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரை கம்பியில் வரும்போது குறிப்பலை (சிக்னல்) எவ்வளவு தேய்ந்துபோகிறது என்பதன் அளவு. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 டெசிபல் என்று நாங்கள் கணக்கிடுவோம். ஆகவே உங்கள் கம்பி மூன்றேகால் கிலோமீட்டருக்குக் குறையாது. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்ற தொழில்நுட்பம் 24 எம்.பி.பி.எஸ். வரை தரும் என்பது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். இந்தத் தூரத்தை எந்த ஊழியர் வந்தாலும் குறைக்க முடியாது. எஸ்.என்.ஆர். மார்ஜின் அப்படியன்று. குறிப்பலை இரைச்சலைத் தாண்டி எவ்வளவு தெளிவாக நிற்கிறது என்பதை அது காட்டுகிறது; 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு நிலைத்து நிற்பது கடினம். மழை தொடங்கிய பிறகுதான் அறுந்துபோகிறது என்கிறீர்கள். ஆகவே எங்கோ ஓரிடத்தில் ஜாயின்ட், அதாவது கம்பிகளை இணைத்த இடம், கெட்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைச் சரிசெய்ய முடியும்.

மணி அடிக்கும்போது துண்டிக்கப்படுவது மிக முக்கியமான தடயம். பேசாதபோது தொலைபேசிக் கம்பியில் சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கிறது. மணி அடிப்பதற்கென்று அதன் மேல் 75 வோல்ட் அளவில் மாறுமின்சாரம் அனுப்பப்படுகிறது. நல்ல கம்பியில் இதனால் டி.எஸ்.எல்.-க்கு ஒன்றும் ஆகாது. தொலைபேசி ஒலியையும் இணையக் குறிப்பலையையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பழுதாகியிருந்தாலோ, கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய இடத்தில் களிம்பு பிடித்திருந்தாலோதான் இப்படி அறுந்துபோகும். நம் ஊரில் கடற்காற்றின் உப்பும் மழை ஈரமும் சேர்ந்து செம்பைப் பச்சையாக அரித்துவிடும். தேவனாம்பட்டினம் பக்கம் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் பச்சையைக் கண்டிருக்கிறேன்.

முதலில் வெளியிலிருந்து கம்பி வந்து சேரும் சிறு பெட்டியை, அதாவது ரோசட்டை, கண்டுபிடியுங்கள். அதிலிருந்து மாடிக்கோ வேறு அறைக்கோ பேரலல் ஒயர் போயிருந்தால் அதைக் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேரடியாக ரோசட்டில் மாட்டி, ஒரு நாள் முழுவதும் மார்ஜினைக் குறித்து வையுங்கள். பிறகு மோடத்தைக் கழற்றி, தொலைபேசியை மட்டும் அங்கே மாட்டி, ஏதேனும் ஓர் எண்ணை ஒருமுறை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுபோகும் அந்த அமைதியில் கரகரவென்று ஒலி கேட்டால், குறை வெளியே இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: யாராவது தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது இணையம் வழக்கத்தைவிட நன்றாக வருகிறதா? பேசும்போது ஓடும் மின்னோட்டம் அரிக்கப்பட்ட ஜாயின்ட்டைச் சிறிது நேரம் ஒட்ட வைத்துவிடும். ஆகையால் அந்தக் கேள்விக்கு ஆம் என்ற விடை வந்தால் நான் வேறெதையும் சந்தேகிக்க மாட்டேன்.

கூத்தப்பாக்கம் வாசகி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னவாறே செய்து பார்த்தேன். மாடி அறைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இழுத்த ஒயர் ஒன்று, மறுமுனையில் எதுவும் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் மார்ஜின் 5-லிருந்து 6-க்கு உயர்ந்தது. ஆனாலும் இரவில் 3-க்கு இறங்கிவிட்டது. தொலைபேசியை மட்டும் மாட்டிக் கேட்டபோது, காய்ந்த சருகின் மேல் நடப்பதைப் போன்ற ஒலி தெளிவாகக் கேட்டது. அம்மா திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் சித்தியுடன் நாற்பது நிமிடங்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில் இணையம் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. ரிசீவரை வைத்த கொஞ்ச நேரத்திலேயே விளக்கு அணைந்துவிட்டது.

கம்பிப் பணியில் இருந்தவன் எழுதியது:

அப்படியானால் ஐயமே வேண்டாம். வீட்டுக்கு வெளியே, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் ஒயரிலோ, கம்பத்தில் கம்பிகள் பிரியும் டி.பி. பெட்டியிலோ, சாலையோரப் பெரிய பெட்டியான பில்லரிலோ ஒரு ஜாயின்ட் அரிக்கப்பட்டிருக்கிறது. புகார் கொடுக்கும்போது "இணையம் வேலை செய்யவில்லை" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் தொலைவிலிருந்தே மோடத்தைச் சோதித்து, விளக்கு எரிகிறது என்று கண்டவுடன் புகாரை முடித்துவிடுவார்கள். "தொலைபேசியில் இரைச்சல் இருக்கிறது, மணி அடித்தால் டி.எஸ்.எல். துண்டிக்கப்படுகிறது, ரோசட்டில் நேரடியாகச் சோதித்துவிட்டேன்" என்று இந்தச் சொற்களிலேயே எழுத்தில் கொடுங்கள். இரைச்சல் என்று பதிவானால் லைன்மேன் ஒருவர் நேரில் வந்தாக வேண்டும்.

நெல்லிக்குப்பம் சாலை வாசகர் எழுதியது:

புகாரை முடித்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தும் குறை தீராதவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், 2012-இல் வகுத்த குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் நிறுவனம் ஒரு பதிவெண் தர வேண்டும். அந்தப் புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டாலோ, கிடைத்த தீர்வு நிறைவளிக்காவிட்டாலோ, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணம் எதுவுமின்றி முறையிடலாம். 39 நாள்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே நேரடியாக எழுதுவதால் பயன் குறைவு; தனிநபர் புகார்களை அந்த ஆணையம் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைக்கலாம். எதைச் செய்வதானாலும் பதிவெண்களையும், இணைப்பு அறுந்த நாள்களையும் நேரங்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எனக்கு ஒருமுறை பணம் திரும்பக் கிடைத்தது அந்தக் குறிப்பேட்டினால்தான்.

மாறும்போது நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய இணைப்பு வேண்டாம் என்று தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, முடிந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். மூன்று மாதங்களுக்குத் தொடர்ந்து பில் வந்தது. அலுவலகத்துக்கு நேரில் சென்று, இணைப்பை ஒப்படைக்கும் கடிதத்தையும் அவர்களுடைய மோடத்தையும் கொடுத்து, இரண்டுக்கும் முத்திரையிட்ட ஒப்புகை வாங்கிய பிறகே அது நின்றது. வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுவதற்கும் அந்த ஒப்புகையைத்தான் கேட்டார்கள்.

கூத்தப்பாக்கம் வாசகி எழுதியது:

நான்கு நாள்களாகிவிட்டன, நடந்ததை எழுதுகிறேன். புகாரை ஐயா சொன்ன சொற்களிலேயே கொடுத்தேன். மறுநாள் காலையில் லைன்மேன் ஒருவர் வந்தார். எங்கள் தெரு முனையில் உள்ள கம்பத்தின் பெட்டிக்கு மூடி இல்லை. அது புயலில் போயிருக்க வேண்டும் என்றார். எங்கள் ஜோடிக் கம்பியில் ஒன்று பச்சை பூத்து, விரலால் தொட்டதும் ஒடிந்துவிட்டது. அதை வெட்டி, புதிதாக இணைத்து, ஜெல் நிரப்பிய கனெக்டர் போட்டுவிட்டுச் சென்றார். மார்ஜின் இப்போது 10; இரவிலும் 9-க்குக் கீழே இறங்கவில்லை. மணி அடித்தாலும் இணையம் நிற்கவில்லை. மழையில் ஏணியில் நின்றபடி ஒரு மணி நேரம் அவர் வேலை செய்ததைப் பார்த்தபோது, மூன்று புகார்களையும் பார்க்காமலே முடித்தவர்கள் மீதிருந்த கோபத்தை அவர்மீது காட்டாமல் இருந்தது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வகுப்பின் சிக்கல் முழுவதும் தீரவில்லை. இணைப்பு அறுந்துபோவதில்லை, என் முகம் மட்டும் அந்தப் பக்கத்தில் உறைந்து நிற்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் எனக்குத் தெளிவாகத் தெரிகிறார்கள்.

கம்பிப் பணியில் இருந்தவன் எழுதியது:

அது பதிவேற்ற வேகத்தின் குறை. டி.எஸ்.எல். உருவானபோது வீட்டில் இருப்பவர் பெறுவார், குறைவாகவே அனுப்புவார் என்று கருதித்தான் அலைவரிசையைப் பங்கிட்டார்கள். அதனால் உங்களுக்குப் பதிவேற்றத்தில் 512 மட்டுமே கிடைக்கிறது. உங்கள் படத்தையும் குரலையும் இடைவிடாமல் அனுப்ப அது போதாது. இந்தக் குறைக்குச் செம்புக் கம்பியில் மருந்து இல்லை. இனி நீங்கள் பைபருக்கு மாறுவதே சரி என்று நானே சொல்கிறேன்.

எண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். கைப்பேசி எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு 2011 முதல் நாடு முழுவதும் மாற்றிக்கொள்ள முடிகிறது. வீட்டுத் தொலைபேசி எண்ணுக்கு அந்த வசதி நம் நாட்டில் இல்லை. எண் வேண்டுமென்றால் அதே நிறுவனத்திடம் இருந்தாக வேண்டும். பைபர் வழியாகவே தொலைபேசியும் தருகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அப்போது ஒன்றை மறக்காதீர்கள்: செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது, பைபர் தொலைபேசிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கடலூரில் எத்தனை நாள்கள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். வயதானவர் இருக்கும் வீட்டில் இதை எண்ணிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

பைபர் பொருத்த வரும்போது, வீட்டில் வைக்கும் கருவியில் ஒளியின் அளவு எவ்வளவு என்று ஊழியரிடம் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டி.பி.எம். (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் ஒட்டிய இடத்திலோ கம்பி மடங்கிய இடத்திலோ குறை இருக்கிறது என்று பொருள். கண்ணாடி இழையைச் சுவர் மூலையில் செங்கோணமாக மடித்து ஆணி அடிக்க விடாதீர்கள். மின்வெட்டுக்கு 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

கூத்தப்பாக்கம் வாசகி எழுதியது:

இந்த உரையாடலை முடிப்பதற்கு முன்பு இறுதி நிலையைத் தெரிவிக்கிறேன். அம்மாவின் தொலைபேசியைச் செம்புக் கம்பியிலேயே வைத்துக்கொண்டு, இணையத்தை மட்டும் வேறு நிறுவனத்தின் பைபருக்கு மாற்றினோம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்பா நம்பர் இருக்குதில்ல?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

ஒளியின் அளவு மைனஸ் 21 என்று மீட்டர் காட்டியது. பழைய இணையத்தை உடனே நிறுத்தாமல் இருபது நாள்கள் இரண்டையும் வைத்திருந்தேன். ஒரு மாத வாடகை கூடுதலாயிற்று. ஆயினும் இடையில் இரண்டு நாள்கள் விடாமல் பெய்த மழையிலும், நான்கு மணி நேர மின்வெட்டிலும் புதிய இணைப்பைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. யு.பி.எஸ். மூன்று மணி நேரம் தாங்கியது. அதன் பிறகே பழைய நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சென்று, தொலைபேசி தொடர வேண்டும், பிராட்பேண்ட் மட்டும் நீக்கப்பட வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். மோடத்தை ஒப்படைத்ததற்கும் தனியே ஒப்புகை வாங்கிக்கொண்டேன்.

சென்ற புதன்கிழமை வகுப்பில் ழகரம் கற்பித்தேன். என் நாக்கு எங்கே மடிகிறது என்பதைப் பிள்ளைகள் திரையில் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அடுத்த மாத பில்லில் பிராட்பேண்ட் வாடகை சேர்ந்து வந்தால், ஒப்புகை எண்ணுடன் மேல்முறையீடு செய்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.