புதுப்பிப்பு: ஆடிக்காற்றில் சாளையில் தனித்திருந்த அனுபவம்

காங்கேயம் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனித்திருந்து ஓய்வெடுக்க மணிவாரியாக அட்டவணை வேண்டுமா என்று ஆனி மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

விடியலுக்கும் அந்திக்கும் மட்டும் ஒவ்வொரு வேலையை வைத்துக்கொண்டு நடுப்பகலை வெறுமனே விட்டுவிடச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. விடியலுக்குத் தியானம் என்று வைத்திருந்தேன். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் ஆடிக்காற்று தகரக் கூரையைத் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்ததால், திண்ணையில் கண்மூடி அமர இயலாமல், கிளுவை வேலியோரமாகக் கொரங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை) சுற்றி நடந்தேன். உட்கார்ந்திருப்பதைவிட அதுவே எனக்கு நன்றாக ஒத்துவந்தது. அந்தியில் நாட்குறிப்பு எழுதுவது மட்டும் தடையின்றி நடந்தது.

கைப்பேசியை வீட்டிலேயே விட்டுவிடச் சொன்ன இன்னொரு யோசனையை நான் ஏற்கவில்லை. பாம்பு நடமாடும் இடத்தில் பட்டன் போனாவது கையில் இருக்க வேண்டும்.

எதிர்பாராதது, பக்கத்துத் தோட்டத்து அமுச்சியின் (பாட்டியின்) வருகை. "ஒத்தையில உக்காந்துட்டு என்ன கண்ணு பண்றே?" என்று கேட்டு, தூக்குப்போசியில் கம்மஞ்சோறும் தயிரும் வைத்துவிட்டு, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மௌனம் போயிற்று, சோறு அருமை. தனிமைதான் முக்கியம் என்பவர்கள் அக்கம்பக்கத்தில் முன்னரே சொல்லிவைப்பதும், ஆனி ஆடியைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் செல்வதும் நல்லது.