450 வாட் பவர் சப்ளை 216 வாட்தான் தருகிறதா?

திருமங்கலத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன் மதுரையில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிய கணினி, மூன்று வாரமாக வீடியோவை ஏற்றுமதி செய்யும்போது பட்டென்று அணைந்து, தானே மீண்டும் எழுகிறது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வருவதில்லை.

ரைசன் 5 5600ஜி ப்ராசசர், 16 ஜிபி ரேம், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. பவர் சப்ளை மட்டும் கேபினெட்டோடு சேர்ந்து வந்த மலிவானது. பெட்டியில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பக்கவாட்டு லேபிளைப் படித்தபோதுதான் திக்கென்றது: 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கார்டு மட்டுமே 132 வாட் கேட்கும். ப்ராசசர் முழு வேகத்தில் 88 வரை இழுக்கும். இரண்டும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, சேர்த்தாலே 220.

ரேமை மாற்றிப் பார்த்தேன், விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன், ஸ்டெபிலைசர் வைத்தேன், பலனில்லை. கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நாள் முழுக்க நிற்காமல் ஓடுகிறது. கார்டுக்கு மின்சாரம் தரும் எட்டுப் பின் இணைப்பு இந்தப் பவர் சப்ளையில் இல்லாததால், பழைய நான்கு பின் மோலெக்ஸ் வயரிலிருந்து எடுக்கும் மாற்றி (அடாப்டர்) போட்டிருந்தேன். அதன் மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி லேசாக இளகியிருக்கிறது. அதைக் கண்டதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

கார்டு கடன் வாங்கிப் போட்டது, அது போய்விடக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கல்யாண வேலைகளைக் கொடுத்தாக வேண்டும். இதே கார்டை நல்ல தரத்து 450 வாட் 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze, மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரச் சான்று) பவர் சப்ளையில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்: அது போதுமா, 550 வாட் வாங்க வேண்டுமா?