காதல் நாவலுக்கு மெய்ப்புத் திருத்துநர் தேவை

வணக்கம். கிண்டிலில் நானே வெளியிட்ட என் முதல் காதல் நாவல் முழுக்கப் பிழைகள். 38 அத்தியாயங்கள், 42,000 சொற்கள். தினம் ஒன்றாகக் கைபேசியில் தட்டியதை மார்ச்சில் அப்படியே தொகுத்து ஏற்றிவிட்டேன்.

'மணம் முடித்தான்' என்பது 'மனம் முடித்தான்' என்று இருக்கிறது. நாயகியின் ஊர் தொடக்கத்தில் தேனி, கல்யாணத்தில் காரைக்குடி. காசு கொடுத்து வாங்கியவர்கள் இதைப் படித்திருக்கிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது.

வாணி பிழைதிருத்தியில் இரண்டு முறை போட்டேன். ஒற்றுப்பிழைகள் நிறைய போயின. 'மனம்' சரியான சொல் என்பதால் சிக்கவில்லை. தோழி கதையில் மூழ்கிப் பிழைகளைத் தவறவிட்டாள். நானே வாய்விட்டுப் படித்தேன், பத்து அத்தியாயத்துக்குமேல் கண் பழகிவிடுகிறது. இப்போதைக்கு விற்பனையிலிருந்து எடுத்துவிட்டேன்.

காதல் கதைதானே என்று மட்டமாக நினைக்காமல் வரிவரியாகத் திருத்தித் தருபவர் கோவையிலோ இணையத்திலோ யாராவது உங்களுக்குத் தெரியுமா?