றேடியேற்றர் விசிறியின் றிலே மீண்டும் மீண்டும் பழுதாகிறது: காரணத்தை எவ்வாறு கண்டறிவது?

கொக்குவில் வாசி எழுதியது:

வணக்கம். என்னிடம் 1990களின் பிற்பகுதியில் உற்பத்தியான ரொயோட்டா கொறோலா ஒன்று உள்ளது. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வெயில் கடுமையாக இருக்கும் நாள்களில், புகையிரதக் கடவையில் நிறுத்திக் காத்திருக்கும்போதோ ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதோ, வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி ஏறத் தொடங்குகிறது. பொனற்றைத் திறந்து பார்த்தால் றேடியேற்றர் விசிறி சுழலாமல் நிற்கிறது. விசிறிக்கு மின்னைக் கொடுத்தும் நிறுத்தியும் வைக்கும் மின்காந்தச் சுவிச்சான றிலேயின் பெட்டியை விரலால் தட்டியவுடன் சுழல்கிறது. கராஜ் ஒன்றில் காட்டியபோது, றிலே பழுது என்று சொல்லிப் புதியதொன்றைப் பூட்டித் தந்தார்கள். சில வாரங்கள் ஒழுங்காக இருந்தது; இப்போது மீண்டும் அதே குறை. புதிய றிலேயைக் கழற்றிப் பார்த்தபோது அதன் கால்களில் ஒன்று சூடேறிப் பழுப்பு நிறமாகியிருந்தது.

றிலேயை நீக்கிவிட்டு, டாஷ்போட்டில் ஒரு சுவிச்சை வைத்து விசிறியை நேரடியாக இயக்கலாம் என்று இப்போது ஆலோசனை சொல்கிறார்கள். பழுது உண்மையில் றிலேயில்தான் இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள சாதாரண மல்ரிமீற்றரைக் கொண்டு உறுதிப்படுத்த முடியுமா? புதிய றிலேயும் இவ்வளவு விரைவில் கெடுவது ஏன்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

திருநெல்வேலி வாகன மின்வேலை எழுதியது:

வணக்கம். அந்தப் பழுப்பு நிறக் காலைக் கவனித்தீர்களே, விடைக்கான வழி அதிலேயே இருக்கிறது. அதைப் பார்த்த பின்னரும் இன்னொரு றிலேயை வாங்கிப் பூட்டுவது வீண்செலவு.

றிலேக்குள் இரண்டு தனித்தனிப் பகுதிகள் உள்ளன. ஒன்று, சிறிய மின்னோட்டத்தில் காந்தமாகும் சுருள். மற்றையது, அந்தக் காந்தம் இழுப்பதால் மூடவோ திறக்கவோ செய்கின்ற, விசிறியின் முழு மின்னோட்டத்தையும் சுமக்கும் தொடுகைகள். ஐரோப்பிய முறையில் சுருளின் முனைகள் 85, 86 என்றும் தொடுகையின் முனைகள் 30, 87 என்றும் குறிக்கப்படும். ரொயோட்டாவின் வரைபடங்களில் பெரும்பாலும் 1, 2 சுருளையும் 3, 5 தொடுகையையும் குறிக்கும். றிலேயைக் கழற்றிச் சுருளின் இரு முனைகளுக்கிடையே தடையை அளந்தால், 12 வோல்ற் றிலேயில் பெரும்பாலும் 50 முதல் 120 ஓம் வரை காட்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பூச்சியத்தை அண்டிக் காட்டினால் உள்ளே குறுக்கிணைப்பு ஏற்பட்டுள்ளது.

தொடுகையை மட்டும் ஓம் அளவில் வைத்துச் சோதித்து நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். பலர் தவறான தீர்ப்புக்கு வருவது இந்த இடத்தில்தான். கருகிய தொடுகையில் 0.1 ஓம் தடை இருந்தாலும் சாதாரண மீற்றர் அதைப் பூச்சியம் போலவே காட்டும். ஆனால் அதனூடாக 10 அம்பியர் பாயும்போது 1 வோல்ற் அங்கேயே இழக்கப்பட்டு, 10 வாற்று வெப்பம் அந்தச் சிறு பெட்டிக்குள் உண்டாகும். ஆகவே விசிறி சுழன்றுகொண்டிருக்கும்போதே, மீற்றரை வோல்ற் அளவில் வைத்து, ஒரு ஊசியைத் தொடுகைக்கு மின் வரும் வயரிலும் மற்றையதை வெளியேறும் வயரிலும் றிலே செருகப்படும் சொருகியின் பின்புறமாக வைத்து அளவுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் இழப்பு அங்கேதான் இருக்கிறது. பின்னர் றிலேயைச் சற்றே மேலே தூக்கி, வயரிலிருந்து றிலேயின் காலுக்கு மட்டும் அளந்தால், குற்றம் றிலேக்குள்ளா சொருகிக்குள்ளா என்பது பிரிந்து தெரியும். தொட்டும் தொடாமலும் விசிறி திடீரென இயங்கக்கூடும் என்பதால் கையையும் தொங்கும் உடையையும் இதழ்களுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம்.

டாஷ்போட் சுவிச்சுக்கு நான் உறுதியாக எதிரானவன். விசிறியின் முழு மின்னோட்டத்தையும் வண்டிக்குள் கொண்டுவந்து, அதற்கெனச் செய்யப்படாத ஒரு சிறு சுவிச்சினூடாகச் செலுத்துவது தீயை அழைப்பதாகும். அத்துடன் ஒரு நாள் சுவிச்சைப் போட மறந்தால் எஞ்சின் கொதித்து, சிலிண்டர் ஹெட்டின் அடியில் உள்ள ஹெட் கஸ்கற் போய்விடும். சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டால் செலவு றிலேயின் விலையோடு ஒப்பிடக்கூடியதாக இருக்காது.

ஏழாலை எழுதியது:

மேலே ஐயா சொன்ன அளவீட்டு முறை சரியானது. ஆனால் 1990களின் ரொயோட்டா வண்டிகள் பலவற்றில் உள்ள ஒரு தனித்தன்மையைக் கவனிக்காவிட்டால், சோதனையின் முடிவைத் தலைகீழாக விளங்கிக்கொள்ள நேரும். அவ்வண்டிகளின் விசிறி றிலே, சுருளுக்கு மின் கிடைக்காதபோது மூடியிருக்கும் வகையைச் சேர்ந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, குளிர்நீரின் சூட்டை உணரும் வெப்பச் சுவிச் மூடியிருந்து சுருளுக்கு மின் செல்ல, றிலே விசிறியை நிறுத்தி வைக்கிறது. எஞ்சின் சூடேறியதும் அச்சுவிச் திறக்க, சுருள் மின்னை இழந்து, தொடுகை வில்லின் விசையால் மூடி, விசிறி ஓடுகிறது. வெப்பச் சுவிச்சின் வயர் எங்காவது அறுந்தாலும் விசிறி ஓடியே தீரும், எஞ்சின் தப்பிவிடும் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். மிகவும் அறிவார்ந்த ஏற்பாடு என்று நான் எப்போதும் மதிப்பதுண்டு.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. பக்கத்தில் உள்ள ஹோர்ன் றிலேயை எடுத்து மாற்றிப் போட்டுப் பார்ப்பது என்ற வழக்கமான சோதனை இங்கே பொருந்தாது. அது எதிர்வகை றிலே. மாறாக, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இக்னிஷனைப் போட்டுவிட்டு வெப்பச் சுவிச்சின் இணைப்பியைக் கழற்றுங்கள். விசிறி உடனே ஓட வேண்டும். ஓடாவிட்டால் பியூஸ், றிலே, சொருகி, மோட்டார், ஏர்த் ஆகியவற்றில் ஒன்றே காரணம். வெப்பச் சுவிச்சைச் சந்தேகிக்கத் தேவையில்லை. உங்கள் வண்டியில் உள்ளது எந்த வகை என்பதை, றிலேயின் மேல் அச்சிடப்பட்டுள்ள சிறு படத்தில் தொடுகைக் கோடு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்த்து அறியலாம்.

மானிப்பாய் எழுதியது:

தட்டினால் இயங்குகிறது என்பதைக் கொண்டு தொடுகை கருகிவிட்டது என்று உடனே முடிவு செய்ய முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். 1980களிலும் 1990களிலும் வந்த ஹொண்டா வண்டிகளின் பிரதான றிலே இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. வெயிலில் நிறுத்திய வண்டியின் எரிபொருள் பம்பி இயங்காமல், எஞ்சின் சுற்றியும் பற்றாமல் போகும். உள்ளறை குளிர்ந்ததும் ஒன்றும் நடவாததுபோல் பற்றிக்கொள்ளும். திறந்து பார்த்தால் தொடுகைகள் நன்றாக இருக்கும். றிலேக்குள் உள்ள மின்சுற்றுத் தகட்டில் ஈயம் பற்றவைத்த இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கும். அதை மீண்டும் பற்றவைத்தாலே போதும்.

ஊர்காவற்றுறை எழுதியது:

சொருகியைப் பற்றி நான் சொல்ல வேண்டும். பண்ணைப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் போய்வரும் எங்கள் வண்டிகளில், உப்புக் காற்று முதலில் தாக்குவது பொனற்றுக்குக் கீழே உள்ள இணைப்புகளைத்தான். சொருகிக்குள் றிலேயின் கால்களைப் பற்றிப்பிடிக்கும் பெண்முனைகள் பச்சை பிடித்தோ, சூட்டினால் இளகியோ, பிடிமானத்தை இழந்துவிடும். அந்நிலையில் எவ்வளவு உயர்ந்த றிலேயைப் பூட்டினாலும் அதன் கால் கருகும். அதே அகலமுள்ள ஒரு தனித் தகட்டை ஒவ்வொரு முனையிலும் செருகி இழுத்துப் பாருங்கள். தளர்வான முனை கைக்கே தெரிந்துவிடும். துப்புரவு செய்த பின்னர் மின்இணைப்புகளுக்கான கிறீஸை மெல்லியதாகப் பூசலாம்.

வாங்கும்போது உருவத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே அளவும் ஒரே காலெண்ணிக்கையும் உள்ள றிலேகளில்கூட 30, 86 ஆகிய முனைகளின் இடம் மாறியிருப்பதுண்டு. சிலவற்றில் சுருளுக்குக் குறுக்கே, மின்னை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் டையோட் இருக்கும். அவற்றில் நேர், எதிர் மாறினால் டையோட்டோடு பியூஸும் போகலாம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை பழைய வண்டிகளையே எல்லோரும் பேணி ஓட்டியதால், உதிரிப்பாகச் சந்தையில் போலிகளும் பெருகிவிட்டன. பெயரில்லாத புதிய றிலேயைவிட, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கப்படும் ஜப்பானிய டென்சோ றிலேயை, கால்கள் வெள்ளையாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குவதையே நான் விரும்புவேன்.

கொக்குவில் வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. என்னுடையது ஏழாலை நண்பர் சொன்ன மூடிய வகைதான். மேலுள்ள படத்தில் தெளிவாகத் தெரிகிறது. இணைப்பியைக் கழற்றிச் சோதித்தபோது விசிறி ஒரு முறை ஓடியது, மறுமுறை ஓடவில்லை. ஓடும்போது அளந்ததில், றிலேயின் இரு கால்களுக்கிடையே 0.1 வோல்ற், பழுப்பேறிய காலுக்கும் அதன் வயருக்கும் இடையே 1.4 வோல்ற். நேர்மின்னோட்டத்தை அளக்கும் கவ்வி மீற்றர் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தபோது விசிறி 17 அம்பியர் எடுக்கிறது. விசிறியைக் கையால் சுழற்றினால் இறுக்கமாகவும் உள்ளது. சொருகியை மட்டும் மாற்றினால் போதுமா?

திருநெல்வேலி வாகன மின்வேலை எழுதியது:

போதாது. 1.4 வோல்ற்றையும் 17 அம்பியரையும் பெருக்கினால் ஏறத்தாழ 24 வாற்று வருகிறது; ஒரு சிறிய சோல்டரிங் அயனின் சூடு அந்த ஒற்றைக் காலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இத்தகைய சிறிய காரின் விசிறி நல்ல நிலையில் 6 முதல் 12 அம்பியர் வரை எடுக்கும். உங்களுடையது மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் உலர்ந்து இறுகியதால் அதிகம் எடுக்கிறது. அந்த மிகைச்சுமைதான் முனையைச் சூடாக்கித் தளர்த்தியிருக்கிறது. முதலில் மோட்டாரை மாற்றுங்கள். பின்னர் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, கருகிய முனையை வயரோடு வெட்டி, கறுக்காத செம்பு தெரியும் இடம் வரை பின்சென்று, 4 சதுர மில்லிமீற்றர் வயரில் புதிய முனையை உரிய குறட்டினால் நெரித்துப் பூட்டுங்கள்; முறுக்கி ரேப் சுற்ற வேண்டாம். இப்போதுள்ள றிலேயின் தொடுகை நன்றாகவே உள்ளது என்றாலும், சூடுபட்ட காலின் முலாம் போயிருக்கும் என்பதால் அதையும் மாற்றிவிடுங்கள். பியூஸின் அளவை மட்டும் எக்காரணம் கொண்டும் கூட்டாதீர்கள். எல்லாம் பூட்டிய பின்னர் அதே இரண்டு அளவுகளையும் எடுத்து இங்கே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.