உதவி தேவை: படகு பெட்ரோலைக் குடிக்கிறது, மாண்ட்வா போய்வரக் கட்டுப்படியாகவில்லை

மாட்டுங்கா_மணி:
கொஞ்சம் அவசரம், ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். நண்பர்கள் சேர்ந்து வாங்கிய படகு. கொஞ்ச நாளாக மும்பையிலிருந்து எதிர்க்கரை மாண்ட்வா போய்வர ஏகப்பட்ட பெட்ரோல் இழுக்கிறது. பங்குக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

செம்பூர்_சேகர்:
எத்தனை குதிரைத்திறன்? டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? எத்தனை அடி? எத்தனை பேர் ஏறுகிறீர்கள்? ஒன்றுமே சொல்லவில்லையே.

கடல்காற்று:
எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலின் வேலை. எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஈரத்தையும் இழுக்கும். ஃபில்டர் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள்.

பழைய_மாலுமி:
இதை இங்கே பலமுறை விளக்கிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. 20 சதவீதக் கலப்பால் குறைவது 6, 7 சதவீதம்தான். "ஏகப்பட்ட" என்றால் கணக்கு உதைக்கிறது. படகின் அடியைப் பாருங்கள்.

தாராவித்_தமிழன்:
டீசல் இன்ஜினுக்கு மாறிவிடுங்கள். கோலி மீனவ நண்பர்கள் மூலம் வரி கழித்த டீசல் கிடைக்கும்.

செம்பூர்_சேகர்:
அது தப்பு. சங்கத்தில் பதிந்த மீன்பிடிப் படகுகளுக்குத்தான் அரசு அந்த வரியைத் திருப்பித் தருகிறது. அவர்களே முழு விலை கொடுத்து வாங்கிவிட்டு, பிறகுதான் பணத்தைப் பெறுகிறார்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை சுற்ற அதில் கைவைப்பது அவர்கள் வயிற்றில் அடிப்பது.

தாராவித்_தமிழன்:
திருடச் சொல்லவில்லை. கடலில் போகும் எல்லாருக்கும் ஒரே விலை வேண்டும் என்கிறேன்.

செம்பூர்_சேகர்:
பிழைப்பும் பொழுதுபோக்கும் ஒன்றாகுமா?

மாட்டுங்கா_மணி:
40 குதிரை, டூ ஸ்ட்ரோக், 18 அடி, ஆறு பேர். படகைக் கரையேற்றி இறக்கும் கிரேன் கூலி மிச்சமாகட்டும் என்று போன மாதத்திலிருந்து தண்ணீரிலேயே கட்டிவைத்திருக்கிறோம்.

பழைய_மாலுமி:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அடியில் சிப்பி ஒட்டியிருக்கும். அந்தச் சொரசொரப்போடு ஆறு பேர் பாரமும் சேர்ந்தால் படகு தண்ணீர் மேல் எழும்பாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்னால் பெரிய அலையைக் கிளப்பியபடி முக்கி முக்கி ஓடும். பெட்ரோல் கொட்டுவது அந்த வேகத்தில்தான். த்ராட்டிலை முழுதாகத் திருகினால் 40 குதிரை இன்ஜின் மணிக்கு 15 லிட்டருக்கு மேல் குடிக்கும். கரையேற்றிச் சுரண்டுங்கள், நாலு பேர் போங்கள். கடல் நீர் வற்றும்போது கிளம்பி ஏறும்போது திரும்பினால் நீரோட்டம் கைகொடுக்கும். 2021 மே மாதம் மும்பையில் பெட்ரோல் நூறைத் தாண்டியதிலிருந்து நாங்கள் மாண்ட்வா போவதை அபூர்வமாக்கிவிட்டோம். எலிஃபன்டா தீவுப் பக்கம் நங்கூரம் போட்டுத் தூண்டில் போடுகிறோம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கடல்காற்று:
ஃபில்டரையும் பாருங்கள்.

மாட்டுங்கா_மணி:
சுரண்டியாகிவிட்டது. புரொப்பெல்லரில்கூடச் சிப்பி. நேற்று போய்வந்த பிறகும் கேனில் மிச்சம் இருந்தது. நன்றி.

செம்பூர்_சேகர்:
எவ்வளவு மிச்சம்? எத்தனை பேர் போனீர்கள்?